பிரெஞ்சு ஒயின் கடைக்காரரும் நம் ஜவுளிக் கடைக்காரரும்



தலைப்பைப் படித்ததும், "இந்த வயதில் இவருக்கு ஒயின் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். குடியைப் பரப்புவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. பொதட்டூர்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக லுங்கியும் சேலையும் மொத்தமாக வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு வியாபாரி, புதிதாக வந்த சரக்கை வாடிக்கையாளருக்கு எப்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. உலகத்தில் இந்த வேலையை முறையாகச் செய்கிறவர்கள் யார் என்று தேடினால், பிரெஞ்சு சிவப்பு ஒயின் விற்கிற வியாபாரிகள் முன்வரிசையில் நிற்கிறார்கள். சரக்கு எதுவாக இருந்தாலும் தொழில் முறையைக் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

பலகையில் ஒயின், கடையில் இல்லை

நம் தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மதுக்கடை எதுவானாலும் அதற்கு மக்கள் வைத்த பெயர் "ஒயின் ஷாப்". உள்ளே போனால் பிராந்தி இருக்கும், விஸ்கி இருக்கும், பீர் இருக்கும். ஒயின்தான் இருக்காது. 1983ஆம் ஆண்டு டாஸ்மாக் நிறுவனம் தொடங்கி மொத்த விற்பனை அரசு கைக்குப் போயிற்று. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் போயிற்று. அதன்பின் ஒயின் வியாபாரி என்று ஒருவர் இங்கே இருக்க வழியில்லை. பணத்தை நீட்டினால் பாட்டில் வரும். இது எந்த ஊர்ச் சரக்கு, எதற்கு இந்த விலை என்று கேட்டால் பதில் வராது. கவுன்டருக்குள் இருப்பவர் சம்பளத்துக்கு எடுத்துக் கொடுக்கிறார். அவரிடம் அதைக் கேட்பதும் முறையல்ல.

ஆனால் பாண்டிச்சேரியில் நிலைமை வேறு. 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் அது. இன்றும் அங்கே தனியார் கடைகளில் பிரெஞ்சு ஒயின் விற்கிறார்கள். அந்தக் கரைக்கு ஒயின் வந்தது பிரெஞ்சுக்காரர்களோடுதான் என்று நினைத்துவிட வேண்டாம். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மது பற்றி நக்கீரரின் புறநானூற்றுப் பாட்டிலும் பேச்சு இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பழைய இறக்குமதி இது.

இறக்குமதி ஒயினுக்கு நம் நாட்டில் போட்ட வரியையும் சொல்ல வேண்டும். பல வருஷம் அடிப்படைச் சுங்க வரி 150 சதவீதமாக இருந்தது. 2021 பட்ஜெட்டில் அதை 50 சதவீதம் சுங்கம், 100 சதவீதம் விவசாயக் கட்டமைப்பு மேல்வரி என்று பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் பழைய கணக்கேதான். ஆயிரம் ரூபாய்ச் சரக்கு துறைமுகத்தில் இறங்கினால் மேலே ஆயிரத்து ஐந்நூறு. அதற்குப் பிறகு மாநில வரி, கடைக்காரர் லாபம். இத்தனை விலை வைத்த ஒரு பாட்டிலை, "புதுசா வந்திருக்கு, எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி விற்க முடியுமா? காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். காரணம் சொல்லத் தெரிந்தவனிடம்தான் அந்தச் சரக்கு நிற்கும்.

என்ன சொல்லி விற்கிறார்கள்?

நல்ல ஒயின் வியாபாரி புதுச் சரக்கைப் பற்றி ஐந்து விஷயம் சொல்கிறார்.

முதலாவது, ஊர். போர்தோவா, பர்கண்டியா, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கா, பொஜொலேயா என்பது. இரண்டாவது, பழம். போர்தோ சிவப்பு ஒயினில் பெரும்பாலும் கபர்னே சோவிஞோன், மெர்லோ என்ற திராட்சைகளைக் கலந்திருப்பார்கள். பர்கண்டிச் சிவப்பு என்றால் பினோ நுவார். பொஜொலே என்றால் கமே. மூன்றாவது, வருஷம். அந்த வருஷம் மழை எப்படி, வெயில் எப்படி என்பது வரை சொல்வார். நான்காவது, இப்போதே திறக்கலாமா, வைத்திருந்து திறக்க வேண்டுமா என்பது. ஐந்தாவது, எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்பது.

இதில் நான்காவது விஷயம் நமக்குப் புதிதல்ல. நம் அரிசி மண்டிக்காரரைக் கேளுங்கள். சோற்றுக்குப் பழைய அரிசி, பொங்கலுக்குப் புது அரிசி என்பார். புளியிலும் புதுப் புளி, பழம் புளி என்று பிரித்துச் சொல்வார். அதேபோல் பொஜொலே பகுதியில் செப்டம்பர் வாக்கில் பறித்த பழத்தில் செய்த புது ஒயின், நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வரும். 1985லிருந்து இந்தக் கிழமைக் கணக்கு இருக்கிறது. அன்று கடை வாசலில் "புது பொஜொலே வந்துவிட்டது" என்று எழுதிப் போடுவார்கள். அது சில மாதத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு. அதை வாங்கிப் பத்து வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தால் பணம் வீண். நல்ல போர்தோவோ நேர்மாறானது. அவசரப்பட்டுத் திறந்தால் வாய் துவர்க்கும், வைத்திருந்தால் பக்குவப்படும். இரண்டும் பிரெஞ்சு, இரண்டும் சிவப்பு. வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்கக் கடைக்காரர் இல்லையென்றால் வாங்கியவர் ஏமாறுவார்.

மூன்றாவது விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. போர்தோவில் 2005, 2009, 2010, 2016 ஆகியவை சிறந்த வருஷங்கள் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். அதே வியாபாரிகள், 2013 குளிரும் மழையும் கெடுத்த சுமாரான வருஷம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். ஊரே அறிய அப்படிச் சொல்லிவிட்டு, அந்த வருஷத்துச் சரக்கை அதற்கு ஏற்ற விலையில், "இதை நீண்ட நாள் வைக்க வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். குறையைச் சொன்னதால் வியாபாரம் நின்றுவிடவில்லை. 2013ஐ சுமார் என்று சொன்ன வாய், 2016ஐ நன்று என்று சொல்லும்போது நம்பிக்கை பிறக்கிறது.

தரகர்கள் போட்ட பட்டியல்

போர்தோ வியாபாரம் நடக்கிற விதம் நம் மண்டி முறையைப் போன்றதே. தோட்டக்காரர் பெரும்பாலும் நேராகக் கடைக்கு விற்பதில்லை. நடுவில் தரகர். தரகருக்குப் பரம்பரை வழக்கமாக 2 சதவீதம். அவர் மூலம் மொத்த வியாபாரி வாங்குகிறார். மொத்த வியாபாரி உலகம் முழுவதும் அனுப்புகிறார். அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே ருசி பார்த்து விலை பேசிப் பணம் கட்டுகிற முறையும் உண்டு. சரக்கு பாட்டிலில் அடைத்துக் கைக்கு வர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். தறியில் பாவு ஏற்றும்போதே முன்பணம் கொடுக்கிற நமக்கு இது புரியும். நடுவில் நிற்கிறவர் பேச்சில் சுத்தம் இல்லையென்றால் இந்தச் சங்கிலி ஒரு நாள் தாங்காது.

1855ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலம். அதற்காகப் போர்தோ நகர வணிகர் சபை, தங்கள் ஊரின் சிறந்த ஒயின்களைத் தரம் பிரித்துத் தரும்படி தரகர் சங்கத்தைக் கேட்டது. 1855 ஏப்ரல் 18ஆம் தேதி தரகர்கள் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். சிவப்பு ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். லஃபித், லத்தூர், மர்கோ, ஓபிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம். அதற்காகப் புதிதாக ருசிப் போட்டி எதுவும் வைக்கவில்லை. பல வருஷமாக எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியல்தான் இன்றுவரை நிற்கிறது. பெரிய மாற்றம் என்று பார்த்தால், 1973ஆம் ஆண்டு மூத்தோன் ரோத்சில்ட் என்ற தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது. ராஜாக்கள் போய்விட்டார்கள். இரண்டு உலகப் போர் வந்து போயிற்று. தரகர்கள் எழுதிய காகிதம் இருக்கிறது. ஒரு வணிகர் சங்கத்தின் வார்த்தைக்கு இவ்வளவு ஆயுள் உண்டு என்பதை நம் சங்க உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும்.

பெயர் கெட்ட காலம்

எல்லாம் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1860களில் திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் ஒரு பூச்சி பிரான்சைப் பிடித்தது. தோட்டங்கள் அழிந்தன. ஒயின் தட்டுப்பாடு வந்ததும் கலப்படம் வந்தது. சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒயின் என்று விற்றார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துச் செய்தார்கள். ஓர் ஊர்ச் சரக்குக்கு இன்னோர் ஊர்ப் பெயர் ஒட்டினார்கள். தோட்டங்கள் மறுபடி தழைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்ல சரக்கு வைத்திருந்தவனுக்கு விலை கிடைக்கவில்லை.

1905 ஆகஸ்டில் மோசடிக்கு எதிராகச் சட்டம் வந்தும் போதவில்லை. 1907ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். முன்னின்று நடத்தியவர் மார்சலின் ஆல்பேர். சிறு ஊர் ஒன்றில் காபிக் கடையும் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் வைத்திருந்தவர். நார்போன் நகரில் ராணுவம் சுட்டு உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதற்குப் பிறகுதான், எவ்வளவு அறுவடை, எவ்வளவு இருப்பு என்று ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஜூன் மாதமே வந்தது. ஷாதோநெஃப் தூ பாப் என்ற ஊர்க்காரர்கள் அடுத்த சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. 1923லேயே கூடி, எந்த நிலத்துப் பழம், எந்த வகைத் திராட்சை என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். 1935 ஜூலையில் நாடு முழுவதற்கும் ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் வந்தபோது இவர்கள் செய்தது முன்மாதிரியாக நின்றது.

இப்போதும் மோசடி இல்லாமல் இல்லை. 2008 ஏப்ரலில் நியூயார்க் நகரில் பழைய ஒயின் ஏலம் ஒன்று நடந்தது. பர்கண்டியைச் சேர்ந்த பொன்சோ குடும்பத்தின் "க்ளோ சேன் தெனி" என்று 1945ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை வருஷம் போட்ட பாட்டில்கள் ஏலத்துக்கு வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982ல்தான்! குடும்பத்தைச் சேர்ந்த லோரான் பொன்சோ, பிரான்சிலிருந்து விமானம் ஏறி வந்து, ஏலக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தச் சரக்கை விலக்க வைத்தார். பாட்டில்களைக் கொடுத்திருந்த ரூடி குர்னியவான் என்பவர் 2012ல் கைதானார். 2014ல் பத்து வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். பொன்சோவுக்கு அன்று பணம் ஒன்றும் நஷ்டமில்லை. விற்றவரும் வேறு, வாங்க வந்தவரும் வேறு. தன் பெயரில் பொய்ச் சரக்கு உலவக் கூடாது என்பதற்காகக் கடல் தாண்டி வந்தார்.

அதே நேரம், வெறும் விளம்பரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரான்சிலேயே சாட்சி உண்டு. புது பொஜொலேயைத் திருவிழாவாக்கி உலகமெல்லாம் விற்றார்கள். சரக்கின் தரத்தைவிட ஆரவாரம் கூடிப் போயிற்று. 2001ல் அந்தப் பகுதி ஒயின் பெருமளவு விற்காமல் தேங்கி, காய்ச்சி வடிக்கவும் கொட்டவும் வேண்டியதாயிற்று. "புதுசு வந்திருக்கிறது" என்ற வார்த்தை மட்டும் நீண்ட நாள் ஓடாது.

நம் கடையில் என்ன நடக்கிறது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். திருத்தணி, சோளிங்கர் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்தும் நம்மிடம் சரக்கு எடுக்க வருகிறார்கள். அவர்கள் கடைக்கு வரும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சாயம் போகுமா?" தமிழிலும் தெலுங்கிலும் நாம் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "போகவே போகாதும்மா."

எந்தச் சேலையைக் காட்டிக் கேட்டாலும் இதே பதில். ஐந்நூறு ரூபாய்ச் சேலைக்கும் அதே, மூவாயிரம் ரூபாய்ச் சேலைக்கும் அதே. பதில் எப்போதும் ஒன்றாக இருந்தால் அதற்கு மதிப்பு என்ன? "முதல் இரண்டு தண்ணிக்குக் கொஞ்சம் விடும்மா. தனியா ஊற வை, வெள்ளைத் துணியோட போடாதே. அப்புறம் நிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா அந்தச் சேலையையும் வாங்குவார், அடுத்த தடவை உங்கள் கடையையும் தேடி வருவார்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது இதைவிடப் பெரிய விஷயம். 1985ஆம் ஆண்டுச் சட்டம், சேலை, வேட்டி, துண்டு, லுங்கி உட்பட 11 இனங்களில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. 2006லிருந்து கைத்தறி முத்திரையும் இருக்கிறது. விசைத்தறிச் சரக்கு கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் பாதி அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. தினப்படி உடுத்த, மலிவாக, சீராக உள்ள துணி. அதை அந்தப் பெயரிலேயே விற்கலாம். போர்தோ வியாபாரியும் சாதாரண ஒயினை "தினப்படிச் சாப்பாட்டுக்கு ஏற்றது, விலை கம்மி" என்று நிமிர்ந்து நின்று சொல்லித்தான் விற்கிறார். அதை முதல் தரம் என்று சொன்னால்தான் குற்றம்.

"இத்தனை விவரம் கேட்க வாடிக்கையாளருக்கு நேரம் ஏது?" என்று கேட்பார்கள். நேரம் இல்லாதவர்கள் செல்போனில் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே படம் இருக்கிறது, விலை இருக்கிறது, வீட்டுக்கே வருகிறது. விலையில் அவர்களோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்தத் துணி எந்தத் தறியில், யார் கையில், எந்த நூலில் வந்தது என்று நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிப் போட்டால், கம்பிக் கவுன்டருக்கும் நம் கடைக்கும் என்ன வித்தியாசம்?

சங்கம் செய்யக்கூடியவை

மூன்று யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று. மொத்தச் சரக்கு கட்டுகிற ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு வைப்போம். கைத்தறியா விசைத்தறியா, நூல் நம்பர் என்ன, சாயம் எப்படி, எப்படித் துவைக்க வேண்டும் என்று நான்கு வரி. தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். சில்லறைக் கடைக்காரர் அதைப் படித்து வாடிக்கையாளருக்குச் சொல்லட்டும். அச்சுச் செலவு கட்டுக்குச் சில்லறைக் காசுதான்.

இரண்டு. போர்தோ தரகர்கள் செய்ததுபோல், நம் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை ரகம் வாரியாகத் தரப் பட்டியல் போடலாம். எந்த ரகம் என்ன விலைக்குப் போகிறது, எது எத்தனை திரும்பி வந்தது என்பது நம் எல்லோர் கணக்கிலும் இருக்கிறது. அந்தக் கணக்கையே ஆதாரமாக வைக்கலாம். ஆள் பார்த்துத் தரம் போடக் கூடாது. தலைவர் வீட்டுத் தறியானாலும் கணக்குச் சொல்வதுதான் தரம்.

மூன்று. ஊர்ப் பெயரைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்க வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல் இயற்றி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை சுங்கடி எல்லாம் பதிவாகிவிட்டன. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது. இந்தியா முழுமைக்கும் இதற்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பிரான்சுக்காரர்கள் தங்கள் காக்னாக், ஷாம்பெயின் பெயர்களை அங்கே கொண்டுவந்து பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து கிண்டிக்கு பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம்.

பதிவு கிடைப்பது சுலபம் என்று சொல்லவில்லை. நம் சரக்குக்கு என்ன தனித்தன்மை, எத்தனை வருஷமாக, எந்த எல்லைக்குள் என்று எழுத்தில் காட்ட வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். அப்படி எழுத உட்காரும்போதே நம் சரக்கு எது, மற்றவர் சரக்கு எது என்று நமக்கே தெளிவாகும். முதல் இரண்டு யோசனைகளும் நடந்தால் மூன்றாவதுக்கு வேண்டிய பாதி ஆதாரம் தானாகச் சேர்ந்துவிடும்.

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்வதற்குப் பெரியவர்கள் எவ்வளவோ பாடுபட்டார்கள். ஊர் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் தீர்த்து வைத்தார்கள். ஊர்ப் பெயரில் என்ன சரக்கு போகிறது என்பது வியாபாரிகளாகிய நம் பொறுப்பு. இந்த மூன்று யோசனைகளையும் அடுத்த பொதுக்குழுவில் விவாதப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் இதே இதழில் எழுதலாம். ஒப்புக்கொள்கிறவர்கள் தங்கள் கடையில் உள்ள சரக்கில் ஒரே ஒரு ரகத்துக்காவது அந்த நான்கு வரிச் சீட்டை எழுதி எடுத்து வாருங்கள். அதை வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவோம்.